இரண்டு சண்டையிலும் ஜெயித்த படை ஏன் திரும்பி ஓடியது? நியூ மெக்சிகோ, 1862

பாலக்கோடு டீச்சர் எழுதியது:

வணக்கம். பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் பிளஸ் ஒன் பிள்ளைகள் கொஞ்சம் பேரோடு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். இப்போது அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓடுகிறது. லிங்கன், கெட்டிஸ்பர்க், அடிமை ஒழிப்பு வரைக்கும் வந்தாயிற்று. "மேற்குப் பக்கம் ஒன்றுமே நடக்கலையா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். அதில் ஆரம்பித்து நியூ மெக்சிகோவுக்குள் போய்விட்டோம்.

நான் படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவு. அப்போது நியூ மெக்சிகோ ஒரு மாநிலம்கூட இல்லை, எல்லைப் பிரதேசம். இன்றைய அரிசோனாவும் அதில் அடக்கம். 1861 ஜூலையில், போரில் தெற்குப் பக்கம் சேர்ந்திருந்த டெக்சாஸிலிருந்து ஜான் பேலர் ஒரு சின்னப் படையோடு வந்து மெசில்லா ஊரைப் பிடித்தார். பக்கத்தில் ஃபில்மோர் கோட்டையில் இருந்த வடக்குப் பக்க மேஜர் லிண்ட் கோட்டையைக் காலி செய்துகொண்டு போனார், போகிற வழியிலேயே சரணடைந்தார். 1862 பிப்ரவரியில் ஹென்றி சிப்லி என்ற தளபதி சுமார் 2,500 டெக்சாஸ்காரர்களோடு ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டி வடக்கே ஏறினார். பிப்ரவரி 21, வால்வெர்டே சண்டை, அவர் பக்கம் வெற்றி. அப்புறம் அல்புகர்க்கி, தலைநகர் சாண்டா ஃபே, இரண்டும் கைக்கு வந்தன. மார்ச் 28, க்ளோரியேட்டா கணவாய். அங்கேயும் சாயங்காலம் களத்தில் நின்றது டெக்சாஸ் படைதான். ஆனால் ஏப்ரலில் மொத்தப் படையும் தெற்கே திரும்பிவிட்டது.

பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. இரண்டிலும் ஜெயித்தவன் ஏன் ஓட வேண்டும்? வடக்குப் பக்கத் தளபதி கேன்பி அந்தப் பிரதேசத்தை உண்மையிலேயே காப்பாற்றினாரா, இல்லை அதிர்ஷ்டமா? வாஷிங்டனுக்கே ஆபத்து இருந்த நேரத்தில் அவ்வளவு தூரத்து வறண்ட பூமிக்காக ஏன் மெனக்கெட வேண்டும்? நம் மாவட்டத்தில் எதையாவது காட்டிப் புரியவைக்க முடியும் என்றால் அதையும் சொல்லுங்கள். கண்ணால் பார்த்தது பிள்ளைகளுக்கு மறக்காது.

ஓசூர் நைட் ஷிப்ட் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன் டீச்சர். சிப்லிக்கு நியூ மெக்சிகோ ஒரு வழிதான், போக நினைத்த இடம் வேறு. வடக்கே கொலராடோவில் 1858, 59 வாக்கில்தான் தங்கம் கிடைக்க ஆரம்பித்திருந்தது. மேற்கே கலிபோர்னியாவில் தங்கமும் உண்டு, துறைமுகமும் உண்டு. தெற்கு மாநிலங்களின் கடற்கரையை லிங்கனின் கப்பற்படை முற்றுகை போட்டிருந்ததால் பருத்தியை வெளியே அனுப்ப வழி இல்லை. பசிபிக் பக்கம் ஒரு துறைமுகம் கிடைத்தால் கதையே மாறும் என்று கணக்குப் போட்டார்கள். தெற்கின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸுக்கு அந்த வறண்ட பூமி புதிதும் இல்லை. 1850-களில் அமெரிக்கப் போர்த்துறைச் செயலராக இருந்தபோது, அங்கே சுமை தூக்க ஒட்டகம் வரவழைத்தவரே அவர்தான்.

கேன்பியைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. கிட்டத்தட்ட 3,800 பேரை வைத்துக்கொண்டு வால்வெர்டேயில் தோற்றார். அப்புறம் க்ரெய்க் கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எதிரி கண்முன்னே வடக்கே போய்த் தலைநகரையே பிடிக்கிறான், இவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். காப்பாற்றியது கொலராடோவிலிருந்து வந்த தொண்டர் படை. டென்வரிலிருந்து பனியில் நடந்தே வந்தார்கள் அவர்கள். பெருமை அவர்களுக்குத்தான் சேர வேண்டும்.

காரிமங்கலம் கச்சர்காரன் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். ஓசூர் தம்பிக்கும் வணக்கம். நான் ராணுவத்தில் சப்ளை பிரிவில், கோவேறு கழுதைக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கச்சர் என்றுதான் அங்கே சொல்வோம். ரோடு முடிகிற இடத்திலிருந்து மேலே இருக்கிற போஸ்ட் வரைக்கும் அரிசி, மண்ணெண்ணெய், குண்டு எல்லாம் அது முதுகில்தான் ஏறும். சண்டையைப் பற்றிப் படிக்கும்போது, இவனுக்குச் சோறு எங்கிருந்து வந்தது, இவன் மிருகத்துக்குத் தண்ணீர் எங்கே கிடைத்தது என்றுதான் முதலில் தேடுவேன். நியூ மெக்சிகோ சண்டை முழுக்க அந்த இரண்டு கேள்விதான். தம்பி சொன்னதில் கேன்பி பற்றிய தீர்ப்பை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த மேஜர் லிண்ட். டீச்சர் ஒரு வரியில் தாண்டிவிட்டார், பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவரிடம் இருந்தது ஏறக்குறைய 500 சிப்பாய்கள், பேலரிடம் அதைவிடக் குறைவு. ஜூலை மாத வெயிலில், வழியில் தண்ணீர் இல்லாத பாதையில், மலைக் கணவாயைத் தாண்டிப் போய்விடலாம் என்று கிளம்பினார். ஆட்கள் ரோட்டோரமே விழ ஆரம்பித்தார்கள். பேலர் பின்னால் வந்து, தாகத்தில் கிடந்தவர்களை ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அங்கே சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை.

இப்போது சிப்லி. அவர் நல்ல அனுபவம் உள்ள குதிரைப்படை அதிகாரி. அவர் வடிவமைத்த கூம்புக் கூடாரத்தை இரண்டு பக்கப் படையும் பயன்படுத்தியது. 1860-இல் நவஹோ மக்கள்மேல் படையெடுத்தபோது அதே நியூ மெக்சிகோவில் கேன்பிக்குக் கீழே வேலை பார்த்தவர். அந்த மண் அவருக்குத் தெரியும். அப்படி இருந்தும் அவர் போட்ட திட்டம் என்ன? சாப்பாட்டைக் கையில் கொண்டுபோக வேண்டாம், போகிற ஊரில் கிடைக்கும், எதிரியின் கிடங்கைப் பிடித்தால் மீதியும் கிடைக்கும். சான் அந்தோனியோவிலிருந்து எல் பாசோ பக்கம் போகவே ஆயிரம் கிலோமீட்டர். வழியில் இருக்கிற கிணறும் ஊற்றும் ஒரே நேரத்தில் மொத்தப் படைக்கும் போதாது என்று பிரித்துப் பிரித்துத்தான் அனுப்பினார். அங்கிருந்து ஆற்றோரமாக மேலே. ஆற்றை ஒட்டிய ஊர்களில் மக்காச்சோளமும் ஆடும் வைத்திருந்தவர்கள் சிறு குடியானவர்கள். தங்கள் வீட்டுக்கே காணும் காணாததுமாக விளைவித்தவர்கள். மொத்தப் பிரதேசத்திலும் 1860 கணக்கெடுப்பில் 90 ஆயிரத்துக்குச் சற்று மேல்தான் ஜனம். அவ்வளவு மெல்லிய நாட்டில் 2,500 பேரும் அவர்கள் குதிரைகளும் எத்தனை நாள் தின்ன முடியும்?

கேன்பி இதைத்தான் கணக்குப் பண்ணினார் என்று நான் நம்புகிறேன். அவருக்கு இருந்தது இரண்டு பிடி. தெற்கே ஆற்றங்கரையில் க்ரெய்க் கோட்டை. வடகிழக்கே, மிசூரியிலிருந்து சரக்கு வருகிற சாண்டா ஃபே பாதையில், யூனியன் கோட்டை. நடுவில் இருக்கிற ஊரெல்லாம் போனால் போகட்டும், இந்த இரண்டும் போகக்கூடாது. சிப்லி பிப்ரவரி நடுவில் க்ரெய்க் முன்னால் வந்து நின்றார். மண் கோட்டைதான். சுவரில் மரக்கட்டையைக் கறுப்படித்துப் பீரங்கிபோல வைத்திருந்தார்கள், நிஜப் பீரங்கிகளோடு கலந்து. தொலைநோக்கியில் பார்த்தவன் எதை எண்ணுவான்? சிப்லி நேரடியாக மோதவில்லை. ஆற்றைத் தாண்டிக் கிழக்குக் கரை வழியாகச் சுற்றிப்போய், கோட்டைக்கு வடக்கே வால்வெர்டே துறையில் இறங்கலாம் என்று போனார்.

பிப்ரவரி 20 ராத்திரி அந்தப் படை தங்கிய இடம் மணல்மேடு. ஆறு கீழே தெரிகிறது, ஆனால் போய்த் தண்ணீர் காட்ட முடியாது. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கச்சர் வெயிலைத் தாங்கும், ஏற்றத்தைத் தாங்கும், பாதி ரேஷனையும் தாங்கும். தண்ணீர் வாசனை மூக்கில் பட்டுவிட்டால் யார் சொன்னாலும் கேட்காது. எங்கள் கம்பெனியில் சாயங்காலம் சுமை இறக்கினதும் முதல் வேலை, சேணத்துக்கு அடியில் கையை விட்டு முதுகில் சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. இரண்டாவது தண்ணீர். அப்புறம்தான் தானா, அதாவது தானியத் தீனி. தண்ணீருக்கு முன்னால் தானியம் வைத்தால் வயிறு கட்டிக்கொண்டு உருளும். ஓடைப்பக்கம் நடத்திக்கொண்டு போனால், நூறு அடிக்கு முன்னாலேயே காதை முன்னால் நீட்டி, கயிற்றோடு நம்மையும் இழுக்கும். ஓர் ஆள் இரண்டு கச்சரைப் பிடித்திருந்தால் கை எரியும். அந்த மணல்மேட்டில் நூற்றுக்கணக்கில் நின்றன. ராத்திரி நூற்றுக்கும் மேற்பட்டவை அறுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடின. கேன்பியின் காவல்காரர்கள் அப்படியே வளைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் வால்வெர்டேயில் டெக்சாஸ்காரர்கள் ஜெயித்தார்கள், சரி. மக்ரே என்ற கேப்டனின் பீரங்கிகளை நேராக ஓடிவந்து கைப்பற்றினார்கள், அவர் பீரங்கியோடு செத்தார். வீரத்தில் இரண்டு பக்கமும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜெயித்தவன் கையில் சில நாள் சாப்பாடுதான் மிச்சம். இழுக்க மிருகம் இல்லாததால் வண்டிகளையும் சாமான்களையும் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. ஒரு ரெஜிமென்ட் முழுக்கத் தன் குதிரைகளைக் கொடுத்துவிட்டு நடைப்படையாக மாறியது. குதிரை மேல் பிறந்தவன் மாதிரி வளர்ந்த டெக்சாஸ்காரன் குதிரையைக் கொடுக்கிறான் என்றால் நிலைமை புரிகிறதா? க்ரெய்க் கோட்டையோ அப்படியே நிற்கிறது, பின்னால், டெக்சாஸுக்குப் போகிற ரோட்டின் மேலேயே.

வடக்கே அவர்களுக்கு எல்லாம் கிடைக்கும் என்று நம்பின இடம் அல்புகர்க்கி கிடங்கு. மார்ச் 1-ஆம் தேதி, எதிரி வருவதற்குச் சற்று முன்னால், ஈனோஸ் என்ற கேப்டன் அதற்குத் தீ வைத்தார். சாண்டா ஃபேயில் மேஜர் டொனால்ட்சன் தூக்க முடிந்ததையெல்லாம் நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகளில் ஏற்றி யூனியன் கோட்டைக்கு அனுப்பிவிட்டு ஊரைக் காலி செய்தார். மேற்கே ஒரு சின்னக் காவல் நிலையத்தில் கொஞ்சம் சரக்கு டெக்சாஸ்காரர்கள் கையில் சிக்கியது. அதை வைத்துக்கொண்டுதான் மார்ச் மாதத்தை ஓட்டினார்கள். தலைநகரில் கொடி ஏற்றிவிட்டால் வயிறு நிறையாது. சொந்தக் கிடங்குக்குத் தீக்குச்சி கிழிக்கிற மனசு ஒரு சப்ளை அதிகாரிக்கு லேசில் வராது. அந்த ஈனோஸுக்கு நான் சல்யூட் அடிப்பேன்.

க்ளோரியேட்டாவுக்கு வருகிறேன். தொப்பூர் கணவாயை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கமெல்லாம் மலை, நடுவில் ஒரே ரோடு, அந்த ரோட்டை விட்டால் வண்டி போக வேறு வழி இல்லை. சாண்டா ஃபேக்கும் யூனியன் கோட்டைக்கும் நடுவில் அப்படி ஓர் இடம். மார்ச் 28 காலையில் டெக்சாஸ் தளபதி ஸ்கரி ஏறக்குறைய எல்லா ஆட்களையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். கணவாயின் மேற்கு வாயில் ஜான்சன் பண்ணை என்கிற இடத்தில் வண்டிகள் நின்றன. காவலுக்குக் கொஞ்சம் பேர். அவர்களில் நோயாளியும் காயம்பட்டவனும் உண்டு. அன்று பூரா கிழக்கே சண்டை. கொலராடோ கர்னல் ஸ்லாவ் சாயங்காலம் பின்வாங்கினார். ஸ்கரி ஜெயித்தார்.

அதே நேரத்தில் சிவிங்டன் என்ற மேஜர் 400-க்கும் மேற்பட்ட ஆட்களோடு மலைமேல் சுற்றிப் போயிருந்தார். வழி காட்டியவர் அந்த மண்ணில் பிறந்த மனுவல் சாவேஸ், நியூ மெக்சிகோ தொண்டர் படை லெப்டினன்ட் கர்னல். மேலே விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் நேர் கீழே வண்டிகள். செங்குத்தான சரிவில் இறங்கி 60, 80 வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள். சாப்பாடு, கம்பளி, மருந்து, குண்டு எல்லாம் போயிற்று. ஸ்கரியின் ஆட்கள் அன்று ராத்திரி பனியில் போர்வைகூட இல்லாமல் கிடந்தார்கள், சாண்டா ஃபேக்குத் திரும்பி நடந்தார்கள். அதற்கு மேல் அங்கே போருக்கு வேலை இல்லை.

ஏப்ரல் 12-இல் அல்புகர்க்கியிலிருந்து கிளம்பும்போது எட்டுப் பீரங்கிகளை மண்ணில் புதைத்துவிட்டுப் போனார்கள். பீரங்கி கெட்டுப்போகவில்லை, இழுக்க மிருகம் இல்லை. க்ரெய்க் கோட்டை ரோட்டை மறித்துக்கொண்டு நின்றதால் ஆற்றை விட்டு மேற்கே மலைக்குள் நூறு மைல் சுற்றித் தண்ணீருக்குத் தவித்துப் போனார்கள். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் திரும்பவில்லை.

தம்பி, கேன்பி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார் என்றீர்கள். அந்தச் சாத்தின கதவுதான் சிப்லியை மலைக்குள் தள்ளியது. கொலராடோ பையன்கள் நடந்து வந்த நடைக்கு நான் தலைவணங்குகிறேன், 400 மைல், கடைசிப் பகுதி இரவு பகலாக. ஆனால் அவர்கள் வந்து இறங்கிச் சோறு தின்ன, குண்டு வாங்க ஒரு யூனியன் கோட்டை இருந்ததே, அதை விடாமல் வைத்திருந்தது யார்?

ஓசூர் நைட் ஷிப்ட் எழுதியது:

அண்ணே, கேன்பி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியாகத்தான் படுகிறது. ஸ்லாவ் க்ளோரியேட்டாவுக்குப் போனதே கேன்பியின் விருப்பத்துக்கு எதிராக என்று படித்திருக்கிறேன். யூனியன் கோட்டையை விட்டு வெளியே வராதே என்பதுதான் அவர் எண்ணம். ஸ்லாவ் கேட்காமல் கிளம்பினார், அப்புறம் திரும்பக் கோட்டைக்கு வா என்று உத்தரவு வந்ததும் பதவியை விட்டே போய்விட்டார். அதிலும் கேன்பியின் பிடிவாதம் தெரிகிறது.

பாலக்கோடு டீச்சர் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். இன்னொன்று மனசில் நிற்கிறது. அங்கே இருந்த சாதாரண ஜனங்கள் பற்றி. 1846 வரைக்கும் அது மெக்சிகோ மண். அமெரிக்கா போர் போட்டுப் பிடித்து இரண்டு தலைமுறைகூட ஆகவில்லை. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஏன் அமெரிக்காவுக்காகத் துப்பாக்கி எடுக்க வேண்டும்? அந்த மனுவல் சாவேஸ் ஏன் வழி காட்டினார்? பூர்வகுடிகள் எங்கே போனார்கள்?

தென்பெண்ணை எழுதியது:

மேடம், நான் வரலாறு முதுகலை படித்தவள், ஊர் காவேரிப்பட்டணம். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. சண்டைக் கதைகளில் கடைசியாக வருவது இந்த மக்கள்தான்.

ஸ்பானிஷ் பேசும் நியூ மெக்சிகோ மக்களுக்கு வாஷிங்டன்மேல் பெரிய காதல் இல்லை. ஆனால் டெக்சாஸ்மேல் ஆழமான கோபம் இருந்தது. டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்தபோது, ரியோ கிராண்டேயின் கிழக்குக் கரை முழுக்கத் தனக்கே சொந்தம் என்று சொல்லிவந்தது. 1841-இல் சாண்டா ஃபேக்கு ஒரு படையே அனுப்பியது, 1843-இல் வணிகப் பாதையில் கொள்ளையடித்தார்கள். அந்த நினைவு ஆறவில்லை. இருபது வருடம் கழித்து அதே திசையிலிருந்து அதே ஆட்கள் வந்து, ஆட்டையும் சோளத்தையும் எடுத்துக்கொண்டு கையில் செல்லாத காகிதப் பணத்தைக் கொடுத்தால் யார் வரவேற்பார்கள்? சிப்லி விடுதலை தருகிறேன் என்று அறிக்கை விட்டார். எடுபடவில்லை.

தொண்டர் படையில் சேர்ந்தவர்களுக்கும் நல்ல நடத்தை கிடைக்கவில்லை. சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை. உத்தரவு ஆங்கிலத்தில், ஆட்கள் ஸ்பானிஷ். வால்வெர்டே தோல்விக்குக் காரணம் இவர்கள் ஓடியதுதான் என்று பழியும் போட்டார்கள். கிட் கார்சன் தலைமையில் நின்ற முதல் நியூ மெக்சிகோ ரெஜிமென்ட் அன்றைக்கு உறுதியாகச் சண்டை போட்டது என்பதும் பதிவில் இருக்கிறது. சாவேஸ் இல்லாமல் சிவிங்டனால் அந்த விளிம்புக்குப் போயிருக்க முடியுமா? பெயர் மட்டும் சிவிங்டனுக்குப் போனது.

பூர்வகுடிகள் கதையைப் பிள்ளைகளிடம் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். கோட்டைகளில் இருந்த சிப்பாய்கள் கிழக்கே போருக்குப் போகவும், அப்பாச்சேக்களும் நவஹோக்களும் தங்கள் மண்ணைத் திரும்பப் பிடிக்க நினைத்தார்கள். அவர்கள் பார்வையில் இரண்டு பக்கமுமே அந்நியர்தானே. கலிபோர்னியாவிலிருந்து கார்ல்டன் என்ற தளபதி 2,300-க்கும் மேற்பட்டவர்களோடு பாலைவனம் தாண்டி உதவிக்கு வந்தார். அவர் வருவதற்குள் சிப்லி போய்விட்டார். 1862 ஜூலை 15-இல் அப்பாச்சே கணவாயில் அப்பாச்சே தலைவர்கள் கொச்சீஸும் மங்காஸ் கொலராடாஸும் அவருடைய முன்னணிப் படையை மறித்தார்கள். சண்டை முழுக்க ஓர் ஊற்றுக்காக. கார்ல்டன் ஆட்கள் பீரங்கியால் குண்டு போட்டு ஊற்றைப் பிடித்தார்கள். அதே வருடம் அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் போவி கோட்டை எழும்பியது. கச்சர்காரன் ஐயா சொன்ன தண்ணீர்க் கணக்கு இங்கேயும் அப்படியே வருகிறது, தண்ணீரை இழந்தவர்கள் மட்டும் வேறு.

டெக்சாஸ்காரர்கள் போன பிறகு அந்தத் துருப்பு சும்மா இருக்கவில்லை. கார்ல்டன் உத்தரவின்பேரில் கிட் கார்சன் நவஹோக்களின் வயலையும் பீச் மரங்களையும் அழித்தார். 1864-இல் ஆயிரக்கணக்கானோரை முந்நூறு மைலுக்கு மேல் நடத்தி போஸ்கே ரெடோண்டோ என்ற வறண்ட இடத்தில் அடைத்தார்கள். பசியிலும் நோயிலும் ஏராளமானோர் செத்தார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் மிச்சமிருந்தவர்கள் வீடு திரும்ப முடிந்தது. க்ளோரியேட்டா வீரர் சிவிங்டன் 1864 நவம்பர் 29-இல் கொலராடோவில் சாண்ட் க்ரீக் என்ற இடத்தில், சமாதானம் நாடி முகாமிட்டிருந்த செயென், அரப்பஹோ மக்களைக் கொன்று குவித்தார். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வண்டிகளை எரித்தவரைப் பாராட்டுகிற அதே வகுப்பில் இதையும் சொல்ல வேண்டும் என்பது என் கோரிக்கை.

காரிமங்கலம் கச்சர்காரன் எழுதியது:

தென்பெண்ணை அம்மா சொன்னதை நான் முழுசாக ஏற்கிறேன். சொல்லாமல் விடக்கூடாது.

டீச்சர் நம் மாவட்டத்தில் காட்ட ஏதாவது கேட்டிருந்தார். உங்கள் ஊர் ரோட்டையே காட்டுங்கள். 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் முன்னால் திப்புவின் படையோடு மோதினார், மே 15 சண்டையில் ஜெயிக்கவும் செய்தார். ஆனால் மழை பிடித்துக்கொண்டது, வண்டி மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன, சிப்பாய்க்கு அரிசி இல்லை. கோட்டையை உடைக்கக் கொண்டுபோன பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப்போட்டுவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். அல்புகர்க்கியில் புதைத்த எட்டுப் பீரங்கிகளைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இதுதான். அது உள்நாட்டுப் போர் இல்லை, ஆனால் மாடு செத்தால் பீரங்கி நிற்கும் என்பது எல்லாப் போருக்கும் பொது.

அடுத்து அவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். திரும்பவும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஓடவில்லை. ஜூலையில் ஓசூரைப் பிடித்தார், அப்புறம் மேஜர் கௌடி தலைமையில் ராயக்கோட்டையை. எதற்கு? கீழே கர்நாடகச் சீமையிலிருந்து (அன்றைய ஆற்காடு நவாப் சீமை, இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை) அரிசியும் மாடும் பாலக்கோடு வழியாக மேலே ஏறிவரும் கணவாய் ரோட்டுக்கு ராயக்கோட்டைதான் பூட்டு. அந்த வழியில் லம்பாடிகள் பொதிமாட்டில் தானியம் கொண்டுவந்து படைக்கு விற்றார்கள். வழி திறந்த பிறகுதான் 1792 பிப்ரவரியில் மறுபடி போனார். மார்ச்சில் ஒப்பந்தம் போட்டு பாரமகால், அதாவது நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது.

கிருஷ்ணகிரிக் கோட்டை இதன் மறுபக்கம். 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் அங்கே பேட்டையைப் பிடித்தார், ஓடுகிறவர்களோடு சேர்ந்து மலைக்கோட்டைக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்று துரத்தினார். மேலேயிருந்து கல்லை உருட்டித் தள்ளிவிட்டார்கள். கடைசிவரை சண்டையில் அந்தக் கோட்டை விழவில்லை. ஒப்பந்தத்தில்தான் போனது. பிள்ளைகளை சையத் பாஷா மலைமேல் கூட்டிக்கொண்டு போனால் சுவரைவிட, பாறையில் மழைநீர் நிற்கிற சுனைகளைக் காட்டுங்கள். அந்தத் தண்ணீர் இல்லையென்றால் எவ்வளவு உயரச் சுவர் கட்டியும் பிரயோஜனம் இல்லை. வெயில் ஏறும் முன் கிளம்புங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

பாலக்கோடு டீச்சர் எழுதியது:

தினமும் பஸ்ஸில் போகிற ராயக்கோட்டை ரோடு! நிச்சயம் கூட்டிப்போகிறேன் ஐயா. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். சிப்லி படைக்குத் தீனி எவ்வளவு வேண்டும் என்று அவர்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாமா? எண்கள் கிடைக்குமா?

காரிமங்கலம் கச்சர்காரன் எழுதியது:

தாராளமாக. அன்றைய அமெரிக்க ராணுவ விதிப்படி குதிரைக்கு ஒரு நாளைக்குத் தானியம் 12 பவுண்டு, உலர்புல் 14 பவுண்டு. கச்சருக்குத் தானியம் 9 பவுண்டு, புல் அதே 14. கிலோவில் குதிரைத் தானியம் ஏறக்குறைய 5.4, கச்சருக்கு 4. முதலில் 2,500 குதிரைக்குத் தானியம் மட்டும் போடச் சொல்லுங்கள், 13 டன்னுக்கு மேல் வரும், ஒரே நாளைக்கு. புல் மேய்ச்சலில் கிடைக்கும் என்று விட்டுவிடலாம், பிப்ரவரியில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று அப்புறம் பேசலாம்.

இரண்டாவது கணக்குதான் முக்கியம். ஆறு கச்சர் இழுக்கிற வண்டியில் ஒரு டன் தானியம் ஏற்றுகிறோம். நாளைக்கு 25 கிலோமீட்டர் போகும் என்று வையுங்கள். சான் அந்தோனியோவிலிருந்து எல் பாசோவுக்கு ஆயிரம் கிலோமீட்டர், அதாவது 40 நாள். ஆறு கச்சரும் நாளைக்கு 24 கிலோ தின்னும். 40 நாளில் 960 கிலோ. விடையை நீங்கள் முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள் டீச்சர். வண்டி போய்ச் சேரும்போது அதில் என்ன மிச்சம் இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் 40 கிலோ என்று கண்டுபிடித்த பிறகு, வண்டிக்காரன் எதைச் சாப்பிட்டான், திரும்பி வர ஆறு கச்சருக்கும் யார் தீனி கொடுத்தார்கள் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.